கச்சத்தீவும் வாக்குச்சீட்டும்: எல்லை கடந்த உறவுகளைத் தீர்மானிப்பது யார்?



தேர்தல் காலம் வந்தால் தேவாரம் கடைவீதியிலும் ஒலிபெருக்கி கட்டிய வண்டிகள் வலம் வரும். சாக்கலூத்து மெட்டுச் சாலை, முல்லைப் பெரியாறு, ஏலக்காய் விலை என்று நம் ஊர்ப் பேச்சோடு கச்சத்தீவும் சேர்ந்து ஒலிக்கும். கடலையே பார்க்காத மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில், பாக் நீரிணையில் உள்ள ஒரு சிறு தீவுக்காக வாக்குக் கேட்கிறார்கள். இது ஏன் என்று நாம் நின்று யோசித்ததுண்டா?

ஒரு நாடு அண்டை நாட்டோடு எப்படிப் பழக வேண்டும் என்பதைத் தலைநகரில் உள்ள அதிகாரிகளும் தூதர்களும் தீர்மானிப்பதாகவே பெரும்பாலும் எண்ணுகிறோம். நம் அரசியல் சாசனமும் வெளியுறவை மத்திய அரசின் பட்டியலில்தான் வைத்திருக்கிறது. ஆனால் நடைமுறையில் அந்த முடிவுகளில் வாக்குச்சாவடிக்கும் பெரும் பங்கு உண்டு. 2011 செப்டம்பரில் பிரதமர் மன்மோகன் சிங் வங்கதேசம் சென்றபோது தீஸ்தா ஆற்று நீர்ப் பகிர்வு ஒப்பந்தம் கையெழுத்தாக இருந்தது. மேற்கு வங்க முதல்வர் மம்தா பானர்ஜி மறுத்ததால் அது நின்றுபோனது. அமெரிக்காவின் ஃப்ளோரிடா மாநிலத்தில் வாழும் கியூபா வம்சாவளியினரின் வாக்குகள், கியூபா மீதான அமெரிக்காவின் கடும்போக்கு பல பத்தாண்டுகள் நீடித்ததற்கு முக்கியக் காரணங்களில் ஒன்று.

இந்தியா - இலங்கை உறவிலும் இதே கதைதான். அந்த வரலாற்றைக் கூர்ந்து பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். வாக்கு உள்ளவரின் குரல் அயலுறவில் ஏதோ ஒரு வகையில் கேட்கிறது. வாக்கு இல்லாதவரோ இரு நாடுகளுக்கிடையே பேரம் பேசப்படும் பொருளாகிவிடுகிறார்.

வாக்கை இழந்தவர்கள்

இந்த உண்மைக்கு முதல் சாட்சிகள் இலங்கையின் மலையகத் தமிழர்கள். தேனியும் அடங்கியிருந்த பழைய மதுரை மாவட்டத்திலிருந்தும், திருச்சி, இராமநாதபுரம், சேலம், புதுக்கோட்டைப் பகுதிகளிலிருந்தும் ஆங்கிலேயர் காலத்தில் காப்பி, தேயிலைத் தோட்டங்களுக்குச் சென்றவர்களின் வழிவந்தவர்கள் அவர்கள். 1947-ஆம் ஆண்டுத் தேர்தலில் அவர்கள் வாக்களித்தார்கள். தங்கள் பிரதிநிதிகளை நாடாளுமன்றத்துக்கு அனுப்பியதோடு, வேறு பல தொகுதிகளில் இடதுசாரி வேட்பாளர்களுக்கும் பலம் சேர்த்தார்கள். இது கொழும்பில் ஆட்சியில் இருந்தவர்களுக்கு உறுத்தலாக இருந்தது. 1948-இல் வந்த குடியுரிமைச் சட்டம் அவர்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. தொடர்ந்து வாக்குரிமையும் போனது.

பதினாறு ஆண்டுகள் கழித்து, 1964 அக்டோபரில், பிரதமர்கள் லால் பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் ஓர் ஒப்பந்தம் செய்தார்கள். 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்ளும். 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தரும். மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்பது முடிவு. 1974-இல் அந்த மீதியை ஆளுக்கு 75,000 என்று பிரித்துக்கொண்டார்கள். சந்தையில் மூட்டைகளைப் பங்கு போடுவது போல மனிதர்கள் பங்கு போடப்பட்டார்கள். எங்கே வாழ விரும்புகிறீர்கள் என்று அந்த மக்களை அழைத்துப் பேச யாரும் கடமைப்பட்டிருக்கவில்லை, ஏனெனில் அவர்கள் கையில் வாக்குச்சீட்டு இல்லை. ஒரு கணக்கில் ஒரே குடும்பத்தில் அண்ணன் இந்தியனும் தம்பி இலங்கையனும் ஆனார்கள்.

மலையக மக்களின் வாக்குப் பலம் மெல்ல மெல்லத் திரும்பியபோது நிலைமை மாறியது. 1988-லும் 2003-லும் இயற்றப்பட்ட சட்டங்களால் நாடற்றவர்களாக எஞ்சியிருந்தவர்களுக்கு இலங்கைக் குடியுரிமை கிடைத்தது. வாக்கு திரும்பியதும் மரியாதையும் ஓரளவு திரும்பியது.

புனித அந்தோணியாரின் தீவு

கச்சத்தீவு ஏறக்குறைய 285 ஏக்கர் பரப்புள்ள, மக்கள் குடியிருக்காத தீவு. குடிக்க நல்ல தண்ணீரும் அங்கே போதுமான அளவு இல்லை. அங்கே இருக்கும் ஒரே முக்கியமான கட்டடம் புனித அந்தோணியார் ஆலயம். யாழ்ப்பாண மறைமாவட்டத்தின் பொறுப்பில் உள்ள அவ்வாலயத்தில் ஆண்டுதோறும் தவக்காலத்தை ஒட்டித் திருவிழா நடக்கிறது. இராமேஸ்வரம் கரையிலிருந்தும் யாழ்ப்பாணம், நெடுந்தீவுப் பக்கத்திலிருந்தும் திருப்பயணிகள் படகுகளில் வந்து, ஒரே சிலுவைப்பாதையில் நடந்து, ஒரே திருப்பலியில் பங்கேற்பார்கள். போர்க்காலத்தில் தடைப்பட்டிருந்த இத்திருவிழா போருக்குப் பின் மீண்டும் சிறப்பாக நடக்கத் தொடங்கியது. 2016-இல் புதிய ஆலயமும் எழுப்பப்பட்டது.

1974 ஜூன் மாத இறுதியில் பிரதமர்கள் இந்திரா காந்தியும் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி இத்தீவு இலங்கையின் எல்லைக்குள் சென்றது. இந்திய மீனவர்களும் திருப்பயணிகளும் முன்போலவே, விசா இல்லாமல், அங்கே வந்துபோகலாம் என்று அந்த உடன்படிக்கை கூறியது. 1976 மார்ச்சில் இரு அரசுகளுக்கிடையே நடந்த கடிதப் பரிமாற்றம், ஒரு நாட்டு மீனவர் மற்ற நாட்டுக் கடலில் மீன்பிடிக்கக் கூடாது என்று முடிவு செய்தது. கன்னியாகுமரிக்குத் தெற்கே உள்ள 'வாட்ஜ் பேங்க்' எனும் மீன்வளப் பகுதியின் மீது இந்தியாவுக்கே உரிமை என்பதும் அப்போது ஏற்கப்பட்டது.

இங்கே ஒரு செய்தியைக் கவனிக்க வேண்டும். 1976 ஜனவரி 31 அன்று தமிழ்நாட்டில் ஆட்சி கலைக்கப்பட்டிருந்தது. நாடெங்கும் நெருக்கடி நிலை நடப்பில் இருந்தது. தமிழக மீனவரின் வாழ்வைத் தொடும் ஒரு முடிவு எடுக்கப்பட்ட நாளில், அவருக்காகப் பேசுவதற்குச் சென்னையில் தேர்ந்தெடுக்கப்பட்ட அரசே இல்லை.

அதன் பிறகு கச்சத்தீவு தேர்தல் மேடைகளில் ஏறியது. தீவை மீட்க வேண்டும் என்று 1991-இல் சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றியது. 2008-இல் ஜெயலலிதாவும் 2013-இல் கருணாநிதியும் உச்ச நீதிமன்றம் சென்றார்கள். 2014-இல் மத்திய அரசின் தலைமை வழக்கறிஞர், தீவைத் திரும்பப் பெறப் போருக்குத்தான் போக வேண்டியிருக்கும் என்ற பொருளில் அதே நீதிமன்றத்தில் சொன்னார். 2024 மார்ச் 31 அன்று, மக்களவைத் தேர்தலுக்கு மூன்று வாரங்களுக்கும் குறைவாகவே இருந்தபோது, பிரதமர் நரேந்திர மோடி, காங்கிரஸ் அத்தீவைக் கொடுத்துவிட்டது என்ற குற்றச்சாட்டை எழுப்பினார். மறுநாள் வெளியுறவு அமைச்சர் ஜெய்சங்கர், அதற்கு முந்தைய இருபது ஆண்டுகளில் 6,184 இந்திய மீனவர்களை இலங்கை சிறைப்பிடித்ததாகவும் 1,175 படகுகளைக் கைப்பற்றியதாகவும் கூறினார். இலங்கையின் அன்றைய வெளியுறவு அமைச்சர் அலி சப்ரியோ, ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பே முடிந்துபோன விவகாரம் இது என்றார். தேர்தல் முடிந்தது, கைதுகள் முடியவில்லை. அந்த 2024-ஆம் ஆண்டில் மட்டும் ஐந்நூறுக்கும் மேற்பட்ட தமிழக மீனவர்கள் கைதானார்கள்.

2025 ஏப்ரல் 2 அன்று, பிரதமர் இலங்கை செல்வதற்கு முன்பாகத் தமிழகச் சட்டமன்றம் மீண்டும் ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. அதே ஆண்டு ஆகஸ்டில் மதுரையில் நடந்த புதிய கட்சி ஒன்றின் மாநாட்டிலும் கச்சத்தீவு மீட்பு முழங்கியது. அடுத்த சில நாட்களில், செப்டம்பர் 1 அன்று, இலங்கை ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க தாமே கச்சத்தீவில் போய் இறங்கி, தம் நாட்டின் நிலத்தையும் கடலையும் விட்டுத்தர மாட்டோம் என்ற உறுதியைத் தம் மக்களுக்குத் தந்தார். அங்கேயும் வாக்காளர்கள் இருக்கிறார்கள் அல்லவா? இந்தக் கரையில் எழும் ஒவ்வொரு முழக்கமும் அந்தக் கரையில் ஒரு பதில் முழக்கத்தைப் பிறப்பிக்கிறது. பேசித் தீர்க்கும் இடைவெளி அந்த அளவுக்குச் சுருங்குகிறது.

முழக்கம் மறைக்கும் உண்மை

கச்சத்தீவு திரும்பக் கிடைத்தால் மீனவர் துன்பம் தீர்ந்துவிடும் என்று மேடைகளில் சொல்லப்படுகிறது. ஆனால் நம் படகுகள் பிடிபடுவது அந்தத் தீவின் கரையில் மட்டுமல்ல. அதைத் தாண்டி, நெடுந்தீவு, தலைமன்னார் பக்கம் வரை மீனைத் தேடிச் செல்லும்போது பல படகுகள் பிடிபடுகின்றன. நம் பக்கத்துக் கடலில் மீன் குறைந்துபோனதுதான் அவர்கள் அவ்வளவு தூரம் செல்லக் காரணம். கடலடியை வாரிக்கொண்டு வரும் இழுவை மடியைப் பல ஆண்டுகளாக விசைப்படகுகள் பயன்படுத்தியதே மீன் குறைந்ததற்கு முக்கியக் காரணம். இந்த முறையை ஒரு காலத்தில் ஊக்குவித்து வளர்த்தவை அரசுகளே. ஆகவே பழியை மீனவர் தலையில் மட்டும் ஏற்றுவது நியாயமல்ல.

எதிர்ப்பக்கத்தில் இருப்பவர் யார்? மன்னாரிலும் பேசாலையிலும் யாழ்ப்பாணத்திலும் சிறு படகுகளில் தொழில் செய்யும் தமிழ் மீனவர். அவர்களில் பெரும் பகுதியினர் கத்தோலிக்கர். போர்க்காலத்தில் கடலுக்குப் போகவே அவர்களுக்குக் கட்டுப்பாடு இருந்தது. 2009-க்குப் பின் கடன் வாங்கி வலை வாங்கித் தொழிலுக்குத் திரும்பியவர்களின் வலைகளை நம் விசைப்படகுகள் அறுத்துக்கொண்டு போவதாக அவர்கள் கண்ணீரோடு முறையிடுகிறார்கள். இலங்கை 2017-இல் இழுவை மடியைச் சட்டப்படி தடை செய்ததற்கு அவர்களின் குரலும் காரணம். ஆக, இது தமிழருக்கும் சிங்களவருக்கும் இடையிலான சண்டை என்று மேடையில் சொல்வது எளிது. உண்மையில் ஒரே மொழி பேசி, பல வேளைகளில் ஒரே செபமாலை சொல்லும் இரு ஏழைக் கூட்டங்களுக்கு இடையிலான வயிற்றுப் பாடு அது.

இரு தரப்பு மீனவப் பிரதிநிதிகளும் நேரடியாகப் பேசியதுண்டு. 2010-இல் பேசினார்கள், 2014-இல் சென்னையிலும் கொழும்பிலும், 2015-இல் மீண்டும் சென்னையிலும் பேசினார்கள். இழுவை மடியைப் படிப்படியாக விட்டுவிட வேண்டும் என்பதே பேச்சின் மையம். அதற்காக 2017-இல் ஒரு திட்டமும் வந்தது. மூன்றாண்டுகளில் 2,000 இழுவைப் படகுகளை ஆழ்கடல் சூரை மீன்பிடிப் படகுகளாக மாற்றுவது அதன் இலக்கு. ஒரு படகுக்கு 80 இலட்சம் ரூபாய் என்று மதிப்பிட்டு, பெரும் பகுதியை அரசுகள் மானியமாகத் தருவதாக ஏற்பாடு. அந்த இலக்கில் சிறு பகுதியே நிறைவேறியது. மீனவரின் கடன் சுமை, ஆழ்கடல் தொழிலில் பழக்கமின்மை, பராமரிப்புச் செலவு என்று காரணங்கள் பல. அவற்றை ஒவ்வொன்றாக அவிழ்க்கப் பொறுமையும் பணமும் வேண்டும். அப்படிப்பட்ட வேலைக்குக் கைத்தட்டல் கிடைக்காது. தீவை மீட்போம் என்ற ஒரு வரிக்கு உடனே கிடைக்கும்.

2024 பிப்ரவரியில், கைதுகளையும் சிறைத் தண்டனைகளையும் எதிர்த்து இராமேஸ்வரம் மீனவர்கள் கச்சத்தீவுத் திருவிழாவையே புறக்கணித்தார்கள். அந்த ஆண்டு நம் பக்கத்துத் திருப்பயணிகள் புனித அந்தோணியாரிடம் போகவில்லை. உடன்படிக்கையிலேயே உறுதி செய்யப்பட்டிருந்த, இரு கரையையும் சேர்க்கும் அந்த ஒரே பாலம்கூட ஓராண்டு ஆளின்றிக் கிடந்தது.

பூண்டியில் நடந்தது

அரசியல் சூடு ஏறும்போது அது யார் மேல் விழுகிறது என்பதற்கு 2012 செப்டம்பரில் நடந்த ஒரு நிகழ்ச்சியே போதும். இலங்கையிலிருந்து வேளாங்கண்ணிக்கும் பூண்டி மாதா பேராலயத்துக்கும் 184 திருப்பயணிகள் வந்திருந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் தமிழர். இலங்கை அரசு மீதிருந்த கோபத்தில் அவர்கள் முற்றுகையிடப்பட்டார்கள். திருச்சி விமான நிலையம் செல்லும் வழியில் அவர்கள் சென்ற பேருந்துகள் தாக்கப்பட்டன. தனி விமானத்தில் அவர்கள் ஊர் திரும்ப நேர்ந்தது. எந்தத் தமிழருக்காகக் கோபம் கொண்டோமோ, அதே தமிழரின் மேல்தான் கல் விழுந்தது. அன்னையின் ஆலயத்துக்கு வந்தவருக்கு அடைக்கலம் தர இயலாமற்போன அந்த நாள் நம் மனசாட்சியில் நிற்க வேண்டும்.

அழுத்தம் எல்லாம் தவறா?

அப்படியானால் தேர்தல் அரசியல் அயலுறவில் தலையிடவே கூடாதா? அப்படிச் சொல்வது பிழை. 1983 கலவரத்துக்குப் பின் தமிழ்நாடு கொதித்தெழாமல் இருந்திருந்தால், தில்லி அவ்வளவு அக்கறை காட்டியிருக்குமா என்பது ஐயமே. 1987 ஒப்பந்தமும், அதன் வழியே மாகாண சபைகளைக் கொண்டுவந்த 13-ஆவது திருத்தமும் அந்த அக்கறையின் தொடர்ச்சி. போருக்குப் பின் வடக்கிலும் கிழக்கிலும் மலையகத்திலும் இந்தியா கட்டித் தந்த வீடுகளுக்குப் பின்னாலும் இந்த அழுத்தம் உண்டு. தொலைவில் இருக்கும் அரசுக்கு மக்களின் வேதனையைக் கேட்கச் செய்வது வாக்கின் நல்ல பயன்.

ஆனால் அழுத்தம் எதற்காக என்பதே கேள்வி. 2009 ஏப்ரல் 27 அன்று முதல்வர் கருணாநிதி சென்னை மெரினாவில் உண்ணாநோன்பு தொடங்கினார். கனரக ஆயுதங்களைப் பயன்படுத்துவதில்லை என்று இலங்கை அறிவித்ததும் சில மணி நேரத்தில் அதை முடித்துக்கொண்டார். மே 13 அன்று தமிழகம் வாக்களித்தது. அடுத்த சில நாட்களில் முள்ளிவாய்க்காலில் எல்லாம் முடிந்துவிட்டது. 2013 மார்ச் 19 அன்று தி.மு.க. மத்தியக் கூட்டணியிலிருந்து விலகியது. இரண்டு நாள் கழித்து ஐ.நா. மனித உரிமைப் பேரவையில் இந்தியா இலங்கைக்கு எதிராக வாக்களித்தது. அந்த நவம்பரில் கொழும்பில் நடந்த காமன்வெல்த் மாநாட்டுக்குப் பிரதமர் மன்மோகன் சிங் போகவில்லை. 2014 மார்ச்சிலும், பின்னர் 2021 மார்ச்சில் தமிழகச் சட்டமன்றத் தேர்தலுக்கு இரண்டு வாரம் முன்பும், இந்தியா அதே பேரவையில் வாக்களிக்காமல் ஒதுங்கியது. இப்படி நிலைப்பாடு முன்னும் பின்னும் போய்வந்தபோதும், காணாமற்போன தம் பிள்ளைகளின் படத்தை ஏந்தி வடக்கில் தெருவில் அமர்ந்த தாய்மார்களுக்குப் பதில் கிடைக்கவில்லை.

நம் பள்ளத்தாக்கு கற்ற பாடம்

இவற்றைப் புரிந்துகொள்ள நமக்குக் கடல் தாண்டிப் போக வேண்டியதில்லை. கேரளம் வேறு நாடு அல்ல. ஆனாலும் ஓர் எல்லையின் இரு பக்கமும் வாக்கு அரசியல் சூடேறினால் என்ன ஆகும் என்பதை 2011 டிசம்பரில் கம்பம் பள்ளத்தாக்கு அனுபவித்தது. அப்போது கேரளத்தில் ஆளும் கூட்டணிக்கு 140-இல் 72 இடங்களே கிடைத்திருந்தன. பிறவம் இடைத்தேர்தல் எதிர்நோக்கியிருந்தது. முல்லைப் பெரியாறு அணை உடைந்துவிடும் என்ற அச்சம் அங்கே பெரிதாக்கப்பட்டது. இங்கே கோபம் பெருகிக் குமுளி எல்லை அடைபட்டது.

பாதிக்கப்பட்டவர் யார்? விடியற்காலையில் ஜீப்பில் நெருக்கியடித்துக்கொண்டு கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாக ஏலத்தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குப் போகும் நம் ஊர்ப் பெண்கள். வேலையும் கூலியும் போய், உயிருக்கு அஞ்சித் திரும்பிவந்த குடும்பங்கள். தோட்டத்தில் ஆளில்லாமல் தவித்த விவசாயிகள், அவர்களில் கேரளத்துக் கத்தோலிக்கரும் உண்டு. பேசிப் பயனில்லாத அந்த வழக்கை, 2014 மே 7 அன்று உச்ச நீதிமன்றம் 142 அடி வரை நீர் தேக்கலாம் என்று கூறி ஒரு நிலைக்குக் கொண்டுவந்தது. ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள். அந்த டிசம்பரை நினைவில் வைத்திருப்பவர்கள் இராமேஸ்வரத்தாரின் நிலையையும் மன்னாரின் நிலையையும் எளிதில் உணர்வார்கள்.

வாக்கில்லாத அண்டை வீட்டார்

இன்னும் ஒரு கூட்டத்தாரை நாம் மறந்துவிடக் கூடாது. 1983 முதல் கடல் கடந்து வந்த ஈழத்தமிழர்கள் தமிழகத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட மறுவாழ்வு முகாம்களில் வாழ்கிறார்கள். நம் தேனி மாவட்டத்திலும் அவர்கள் இருக்கிறார்கள். இங்கேயே பிறந்து, நம் பிள்ளைகளோடு படித்து வளர்ந்த தலைமுறையினருக்கும் இந்தியக் குடியுரிமை எட்டாக்கனியாக உள்ளது. 2019-ஆம் ஆண்டுக் குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய நாடுகளைக் குறிப்பிட்டது, இலங்கையைக் குறிப்பிடவில்லை. ஈழத்தமிழருக்காக மேடையில் கண்ணீர் விடுபவர்களுக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கும் முகாம் தெரிவதில்லை, ஏனெனில் அங்கே வாக்குச்சாவடி இல்லை. 1948-இல் மலையகத்தில் தொடங்கிய அதே கதை, நம் மாவட்டத்தில் இன்னும் முடியாமல் இருக்கிறது.

சிந்தனைக்கு

குற்றமற்றவர் என்று அறிந்தும், கூட்டத்தின் கூச்சலுக்குப் பணிந்து கைகழுவிய ஆளுநர் பிலாத்துவை நாம் ஒவ்வொரு புனித வெள்ளியும் நினைவுகூர்கிறோம். பிலாத்துவைப் பழிப்பதோடு நிறுத்திக்கொள்கிறோம். கூச்சலிட்ட கூட்டத்தில் நாமும் இருந்திருக்கக்கூடும் என்பதை எண்ணுவதில்லை. திருத்தந்தை பிரான்சிஸ் 2020-இல் வெளியிட்ட 'ஃபிராத்தெல்லி தூத்தி' சுற்றுமடலில் ஓர் இயல் முழுவதையும் நல்ல அரசியலுக்கே ஒதுக்கினார். மக்களுக்காக உழைப்பது வேறு, மக்களின் உணர்வைத் தூண்டி ஆதாயம் தேடுவது வேறு என்பது அதில் அவர் வலியுறுத்திய கருத்து.

எனவே அடுத்த முறை வாக்குக் கேட்டு வருபவர் எந்தக் கட்சியினராயினும், தீவை மீட்பீர்களா என்று மட்டும் கேட்காதிருப்போம். இழுவை மடியை விட்டு மாற நினைக்கும் மீனவரின் கடனுக்கு என்ன வழி வைத்திருக்கிறீர்கள்? மன்னார் மீனவரோடு நின்றுபோன பேச்சைத் தொடர என்ன செய்வீர்கள்? முகாமில் பிறந்த பிள்ளைக்குக் குடியுரிமை கேட்டு நாடாளுமன்றத்தில் பேசுவீர்களா? இந்த மூன்று கேள்விகளைக் கேட்போம். நம் பங்குகளில் உள்ள அன்பியக் கூட்டங்களிலும் இவற்றைப் பேசுவோம்.

வாக்கு நம்முடையதுதான். ஆனால் அதன் விளைவை வாக்கில்லாத பலரும் சுமக்கிறார்கள். அவர்களையும் மனத்தில் இருத்தி வாக்களிப்பதே நாம் அயலாருக்குச் செய்யக்கூடிய பணி. இரு கரை மக்களும் அச்சமின்றி ஒரே திருவிழாவில் கூடும் நாட்கள் தொடர, கச்சத்தீவின் காவலரான புனித அந்தோணியார் நமக்காகப் பரிந்து பேசுவாராக.